நாலாம் தொட்டிக்காரர் மனைவி தந்த குங்குமம்

அமெரிக்கா, 14.2.1999

அன்புள்ள தேவகிக்கு,

உன் வீட்டுக்காரன் இங்கே சுகம். நைனாவுக்கு இருமல் நின்றதா? சத்தியவேட்டில் மழை உண்டா?

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் கேனில் புகையுமே, அதே திரவத்தைப் பெரிய ஸ்டீல் தொட்டிகளில் நிரப்புகிறேன். உள்ளே இருப்பவர்கள் செத்தவர்கள். என்றைக்காவது மருந்து கண்டுபிடித்து எழுப்புவார்களாம். சொர்க்கம் போகிறவர்களைக் கட்டிப்போடுகிறோம் என்று இந்த ஊர்க்காரர்களே திட்டுகிறார்கள். பயப்படாதே, நாற்றம்கூட இல்லை.

நாலாம் தொட்டியில் நம் நகரிக்காரர் ஒருவர் இருக்கிறார். கொள்ளி வைக்கவில்லை, கருமாதியும் இல்லை. அவர் சம்சாரம் வெள்ளிக்கிழமைதோறும் பூவும் பொட்டுமாக வருவார். போன வாரம் தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அவரு இன்னும் போவல தம்பி, தூங்கிக்கினுதான் இருக்காரு. நான் எதுக்குப் பொட்டை அழிக்கணும்?" என்றார். நான் தலையாட்டினேன். உடனே ஒரு குங்குமப் பொட்டலத்தை நீட்டி, "உன் சம்சாரத்துக்கு அனுப்பு" என்றார்.

சுமங்கலி கொடுத்தது என்றால் எனக்கு ஆயுசு கூடும். அவர் சுமங்கலிதானா? அனுப்பவும் பயம், கொட்டவும் பயம். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்தால் சில்லென்று இருக்கிறது.

நைனாவிடம் ஐஸ் ஃபேக்டரி என்றே சொல். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு, பொட்டு வைத்த உன் போட்டோவும் வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு பட்டிருந்தால், கையைக் கழுவாமல் நெற்றியைத் தொடாதே.

தணிகாசலம்