கால் ஊன்றாத ஃப்ளோரன்ஸ்

காலடிப்பேட்டை,
3-7-1978

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு,

மச்சான் செல்வநாதன் ஆயிரம் தோத்திரத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் தவிர. நீங்களும் கப்பல் எஞ்சின் அறையில் வேகாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பார்சலோனாவிலிருந்து நீங்கள் எழுதியதை ஊருக்கே வாசித்துக் காட்டினேன். மோட்டார் சைக்கிளில் பாறை ஏறும் பந்தயத்தை அங்கே பிள்ளைகளுக்காகச் சைக்கிளுக்கு மாற்றிவிட்டார்களாமே; வேகம் கணக்கில்லையாம், கால் தரையில் பட்டால்தான் தப்பாம். நம் கோயில் திருநாளின் ஸ்லோ சைக்கிள் ரேஸை மூட்டைகட்டிவிட்டு இதையே வைத்தோம். பாறைக்கு எங்கே போவது? ஏறி இறங்க, துறைமுகத்தில் கழித்த பலகை, வடக்கயிறு, கடைசியில் கோதண்டத்தின் கட்டுமரம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துப் போன சைக்கிளை, என் தங்கச்சி ஃப்ளோரன்ஸ் எட்டு மாதமாக ஓட்டுகிறாள். சடையங்குப்பத்துக்குப் பிரசவம் பார்க்க நடந்து போனால் பிள்ளை முந்திக்கொள்கிறது, நான் என்ன செய்ய? உங்கள் அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. இவள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததும், "காலு கீழ பட்டுச்சுன்னா வண்டிய பூட்டிடுவேன். எம்புள்ள வர்ற வரிக்கும் நடந்துகினே போ" என்றார்கள். இவளும் சரி என்றுவிட்டாள்.

எதிரே பதினோரு ஆம்பளைகள். முதலில் நான். இரண்டாவது பலகையில் என் வேட்டி செயினுக்குள் போனது, நான் வெளியே வந்தேன். மற்றவர்களும் நின்றால் விழுவோம் என்று வேகமாக மிதித்தே விழுந்தார்கள். லாரி ஓட்டும் ரஷீது மட்டும் ஒரே ஒரு முறை கால் வைத்தான்.

ஃப்ளோரன்ஸ் சேலையைக் கச்சமாகச் செருகிக்கொண்டு வந்தாள். கட்டுமரத்துக்கு முன்னால் சைக்கிள் நின்றுவிட்டது. "அவ்ளோதான், பூட்ச்சு" என்றான் கோதண்டம். உங்கள் அம்மா பூட்டைக் கையில் எடுத்தேவிட்டார்கள்.

விழவில்லை, மாப்பிள்ளை! ஹாண்டிலைச் சற்றுத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து, பெடலிலேயே நின்றாள். சடையங்குப்பத்து மண்கரையில் எருமை எதிரே வந்தால் அது ஒதுங்கும்வரை அப்படித்தான் நிற்பாளாம். இரண்டு பக்கமும் வெள்ளம், கால் ஊன்ற இடம் ஏது? நிதானமாக முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டுமரத்தில் வைத்தாள், ஏறினாள், அந்தப் பக்கம் இறங்கினாள். ஒரு தப்புகூட இல்லை!

முதலில் கத்தியது யார் தெரியுமா? உங்கள் அம்மா. "எம் மருமவடா! இன்னா பாத்துகினு நிக்கிறீங்க, கை தட்டுங்கடா!" அந்தப் பூட்டு இப்போது கோழிக்கூண்டில் தொங்குகிறது.

நீங்கள் வந்ததும் சைக்கிள் வேண்டுமென்றால் அவளிடமே கேளுங்கள், மரியாதையாக. கடல்மாதா உங்களைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும். கூட்டிவர அவளே அந்தச் சைக்கிளில் துறைமுகத்துக்கு வருவாள். கேரியரில் இதுவரை யாரையும் ஏற்றியதில்லை, முழங்கால் போன என்னைக்கூட.

இப்படிக்கு,
வேட்டி கிழிந்த மச்சான்,
செல்வநாதன்