மரத்துப்போன கீழுதடு

இன்று காலை என் வெள்ளவத்தைப் பல் கிளினிக்கில் புதிய கருவி கீச்சிட்டது. தாடையைத் துளைக்கும்போது ட்ரில்லின் நுனி எங்கே போகிறதென்று கணினித் திரையில் காட்டும் கருவி. நரம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் இருக்கும்போதே திரை சிவந்தது. கையை நிறுத்தினேன். உன் முகம்தான் நினைவில் வந்தது.

நீ அன்று கேட்டாய்தானே. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, கதிரையில் சாய்ந்துகொண்டே கேட்டாய்: "கம்பியூட்டர் பார்த்து வழி சொல்லுற மெசின் ஒண்டு இருக்காமே, உன்னட்ட இல்லையாடி?"

"அது கை நடுங்கிறவைக்கு" என்றேன். நீ சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் பக்கத்தில் இருந்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்?

செயற்கைப் பல்லுக்கான திருகாணியைக் கீழ்த்தாடையில் இறக்கும்போது, விறைப்பு ஊசியையும் மீறி ஒருமுறை துள்ளினாய். அடுத்த நாள் "சொண்டு இன்னும் விறைச்சுத்தான் கிடக்கு" என்று வந்து நின்றாய். உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே படம் எடுத்தேன். திருகாணியின் நுனி நரம்புக் குழாய்க்குள் இருந்தது. அன்றே கழற்றியிருந்தால் ஒருவேளை உணர்ச்சி திரும்பியிருக்கும். ஆனால் கழற்றினால் பிழை என்னுடையது என்றாகிவிடும். "வீக்கம்தான், ரெண்டு கிழமையில சரியாகும்" என்று படத்தை உறைக்குள் வைத்தேன்.

நான்கு ஆண்டுகள் ஆகியும் சரியாகவில்லை. தேநீர் உதட்டிலிருந்து நாடிக்கு வழிந்தாலும் உனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில், காய்ந்திருக்கும் நாடியையும் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருப்பாய். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதையும் விட்டுவிட்டாய். "எச்சில் வடியுதோ எண்டு யோசிச்சுக்கொண்டு ஆண்டவர்ட வார்த்தையை எப்பிடி வாசிக்கிறது?"

என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. மகளின் பல்லுக்கும் என்னிடமே அனுப்பினாய். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அழைத்தபோதெல்லாம் வேலையென்று சொல்லித் தப்பினேன். டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகுதான் கருவியை வாங்கினேன். பார், என் யோக்கியதையை.

இன்று சிகிச்சை முடிந்ததும் அந்த நோயாளி கேட்டார்: "இந்த மெசின் இல்லாத காலத்தில ஆருக்கும் பிழை நடந்திருக்கா டொக்டர்?"

வழக்கமான பொய் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன்: "ஓம். என்ட சிநேகிதி ஒராளுக்கு."

"பிழை உங்கட எண்டு அவவுக்குத் தெரியுமா?"

"இல்லை. நான் சொல்லேல்ல."

"சிநேகிதிதானே, இனியெண்டாலும் சொல்லிப்போடுங்கோ" என்று எழுந்தார்.

தலையாட்டினேன். நீ இல்லை என்பதை அவருக்கும் சொல்லவில்லை.