ஒரு தீக்கு இரண்டு இடத்தில் கேட்டது

உப்பளம்,
புதுச்சேரி.
18-10-2007

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, பின்கட்டில் ஓடு ஒழுகுகிறது, முருங்கை மதில்மேல் சாய்ந்து கிடக்கிறது, வெட்டச் சொல்லக்கூட மனசில்லை. குழந்தைக்குச் சளி என்றாயே, ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி நெஞ்சில் ஒத்தடம் கொடு, முதலில் உன் கையில் சூடு பார்த்துவிட்டு வை.

போனில் எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் சொன்னேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அப்பாவின் அட்டைப்பெட்டிப் பட்டறை வைகாசியில் எரிந்தது உனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள், உள்ளேயிருந்து ஒயர் கருகும் வாடை வந்தது. பட்டறை ஆட்களில் அம்மாவாசைதான் முதலில் எழுந்தான். "மெயின அணைச்சிட்டு வந்துடறேன் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். காகிதமும் அட்டையும் அடுக்கிய இடம், எவ்வளவு நேரமாகும், கூரையில் போட்டிருந்த ஷீட்டு வெடித்து அவன்மேலேயே சரிந்துவிட்டது, அவன் உயிரோடு வெளியே வரவில்லை. அப்பா பின்னாலேயே பாய்ந்திருக்கிறார், கதவைப் பிடித்து இழுத்ததில் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின, பக்கத்துக் கம்பெனி ஆட்கள்தான் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அம்மாவாசையை நாம் வேலையாள் என்றா நினைத்தோம், உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவன் நீ பிளேன் ஏறும்வரை தன் வீட்டுக்கே போகாமல் இங்கேயே கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் பெண்டாட்டி தனக்கொடியிடம் அப்பா கட்டுப்போட்ட கையோடு, "இன்சூரன்ஸ் வந்ததும் மொதல்ல ஒனக்குத்தாம்மா, அப்புறம்தான் எனக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நம் அளவு பட்டறைக்கு இ.எஸ்.ஐ. எல்லாம் கிடையாது, அவளுக்கு வேறு வழியும் இல்லை.

பட்டறைக்கு இரண்டு பாலிசி இருந்தது. ஒன்று கடன் கொடுத்தபோது பாங்கிலேயே போட்டது, வருஷாவருஷம் அவர்களே பிடித்துக்கொள்வார்கள், அப்பாவுக்கு அது நினைவிலேயே இல்லை. இன்னொன்று என் தம்பி வெற்றிவேலின் சிநேகிதன் ஏஜென்டு ஆனபோது முகதாட்சண்யத்துக்காகப் போட்டது. தீப்பிடித்த பிறகுதான் இரண்டும் ஒரே சரக்குக்கும் ஒரே மிஷினுக்கும் என்று தெரிந்தது. தம்பி வந்து உட்கார்ந்து, "ரெண்டுக்கும்தான கட்டினோம் மாமா, ரெண்டு பேரும் குடுக்கட்டும். பாங்கு வழியா வர்றது கடனுக்கே சரியாப் போயிடும், தனக்கொடிக்கு எதுலேர்ந்து குடுப்பீங்க?" என்றான். அப்பா முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைச் சாய்த்துவிட்டது. வேறு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் இரண்டு கம்பெனிக்கும் இல்லை என்றே தம்பி எழுதினான், அப்பா வெந்த கையால் கையெழுத்துப் போட்டார்.

பாங்குப் பாலிசிக் கம்பெனி நஷ்டத்தை மதிப்பிட அனுப்பிய சர்வேயர் வந்து அளந்து, போட்டோ எடுத்து, மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார். ஆடி கழிந்து இரண்டாவது கம்பெனியின் சர்வேயர் வருகிறார் என்று அப்பா கேட்டைத் திறந்தால், அதே மனிதர் ஸ்கூட்டரிலிருந்து இறங்குகிறார். இந்தச் சின்ன ஊரில் எல்லாக் கம்பெனிக்கும் அவரைத்தான் அனுப்புவார்களாம். "சார், இதே சாம்பலத்தான நான் அளந்துட்டுப் போனேன்?" என்று கேட்டிருக்கிறார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவரே, "ரெண்டு பாலிசி இருக்கறது தப்பில்ல சார். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பங்கு போட்டு எரிஞ்சதுக்கு உண்டானதக் குடுத்திருப்பாங்க. ஒரே நஷ்டத்த ரெண்டு தரம் வாங்க முடியாது. மறைச்சிட்டீங்களே, இப்ப ரெண்டுமே போயிடுமே" என்றாராம். அவர் சொன்னபடியே நடந்தது. நியாயமாக வர வேண்டியதும் நின்றுபோனது. அதோடு விட்டார்களா, இரண்டு இடத்தில் கேட்டவன் தானே கொளுத்தியும் இருப்பான் என்று போலீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். கொளுத்தினார் என்றால் அம்மாவாசையைக் கொன்றார் என்றுதானே அர்த்தம்.

தனக்கொடி இத்தனை நாளும் அவ்வப்போது வருவாள், பின்பக்கமாக வந்து நான் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவாள், பணம் என்று வாய் திறந்ததே இல்லை. போன வெள்ளிக்கிழமை தெருவாசலில் வந்து நின்றாள். உள்ளே வாடி என்றேன், வரவில்லை. "மொதலாளி, ஸ்டேஷனுக்குக் கூப்ட்டுக் கேட்டாங்க. நீங்களா கொளுத்தினீங்க?" என்றாள். "இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றார். "கொளுத்தலன்னா ஏன் ரெண்டு எடத்துல கேட்டீங்க?" என்றாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குக் கொடுக்கத்தான் கேட்டோம் என்று ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டை போட்டேன். "அத எப்படிச் சொல்றது? நான் பண்ணின தப்பத் தூக்கி அவ தலையில வைக்கச் சொல்றியா?" என்றார். அன்றிலிருந்து தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. குழந்தை பேசுவது அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நீ எடுத்ததும், வெற்றிவேல் மாமா என்னமோ சொல்றார், மறைக்காம சொல்லும்மா, அப்பா எதுவும் பண்ணலையே என்று கேட்டாய். நான் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவள், பயத்தில் கேட்டாய், உன்மேல் கோபம் இல்லை. ஊரெல்லாம் கேட்டாயிற்று, அந்தக் கேள்வி உன் வாயிலிருந்து மட்டும் வராது என்று நம்பிக்கொண்டிருந்தார், அதுதான். இப்போது போன் மணி அடித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீல். எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை, இருப்பதாக உனக்கு எழுதி ஏமாற்றவும் தெம்பில்லை. நீ பணம் அனுப்ப வேண்டாம், லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். அப்பா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. குழந்தை எப்படி நடக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்று எழுது, போதும். நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு, பிள்ளை குட்டியோடு நிறைவாக இரு. எங்களுக்கு வந்தது உன் வாசலுக்கு வர வேண்டாம். ராத்திரி வேலைவிட்டு வரும்போது தனியாக வராதே.

இதை மடிக்கப்போகும்போது அப்பா வந்து நின்று யாருக்கு எழுதுகிறாய் என்றார். உனக்கு என்றேன். "நான் கொளுத்தலன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
செல்வாம்பாள்