தொடாமல் ஏறும் புள்ளி

அக்டோபர் 6, திங்கள், 1986

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பொறுத்துக்கொள்வது? இதை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன். சரி, நானே பொறுத்துக்கொள்கிறேன். துரு தட்டும் சுத்தியலைப் பிடித்த கை. பென்சிலையும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. முனை ஒடிந்துகொண்டே இருக்கிறது.

கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் டீச்சர் சொன்னார்: "வீட்டுல நடக்கிறத எழுதுங்க ஐயா. நான் திருத்த மாட்டேன். காட்டுங்கன்னு கேட்கவும் மாட்டேன்." அறுபத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்தது இது. சிராங்கூன் ரோட்டில் நடந்தால் இப்போது பலகைகள் எல்லாம் என்னிடம் பேசுகின்றன. பூமாலை கிடைக்கும். மிளகாய் அரைத்துத் தரப்படும். இன்று ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தேன். பசியே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் உள்ளே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என்ன நடக்கிறது? ரவி உட்கார்ந்திருக்கிறான்.

ரவி என் ஒரே மகன். அவன் அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. கப்பல் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசராக இருந்தான். போன வருடக் கடைசியில் ஆள் குறைத்தார்கள். இவனும் போனான். சில இடங்களில் கேட்டுப் பார்த்தான். பிறகு கேட்பதை நிறுத்தினான். பிறகு வெளியே போவதையும்.

வேலை இருந்த காலத்தில் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. டிவியோடு சேர்த்து மாட்ட வேண்டும். அதில் அவனே ஒரு ஆட்டம் எழுதியிருக்கிறான். நான் எழுதப் படித்த அதே மாதத்தில் அவன் இதை எழுதினான்.

ஆட்டம் இதுதான். திரை முழுக்கக் கறுப்பு. அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. யாரும் கம்ப்யூட்டரில் எழுத்தடிக்கும் எந்தக் கட்டையையும் தொடாமல் இருந்தால் புள்ளி மெல்ல மேலே ஏறும். ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. தூங்கி எழுந்து பார்த்தால் கொஞ்சம் ஏறியிருக்கும். ஏதாவது ஒரு கட்டையைத் தொட்டால் விழுந்துவிடும். தோல்வி.

"என்னடா ஆட்டம் இது?"

"ஒண்ணுமே செய்யக்கூடாதுப்பா. அதான் ஆட்டம்."

"இதுல யாருடா ஜெயிக்கிறது?"

"நான்தான். எனக்கு வர்ற ஆட்டம் இது ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

புள்ளி இப்போது பாதித் திரையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

அக்டோபர் 8, புதன்

நல்ல வெயில். தேக்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய், தயிர், தீப்பெட்டி. புரட்டாசி, அதனால் மீன் கிடையாது. மீன்காரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பக்கத்து வீட்டு பிலோமினா வடை கொண்டுவந்தார். கணவரை இழந்து தனியாக இருப்பவர். தினமும் சர்ச்சுக்குப் போய் வருகிறவர். டிவியைப் பார்த்தார்.

"என்னண்ணே, டிவி ரிப்பேரா?"

"இல்ல தங்கச்சி. ரவி விளையாடறான்."

ரவி கையைக் கட்டிக்கொண்டு சோபாவில். பிலோமினா அவனைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். ஆட்டம் என்ன என்று ரவியே சொன்னான்.

"எங்க வீட்டுக்காரரு இந்த ஆட்டத்தத்தான் சாகிறவரைக்கும் விளையாடினாரு லா. அப்ப யாரும் டிவியில போடல."

ரவிகூடச் சிரித்தான். நல்ல சிரிப்பு. வாசலுக்கு வந்ததும் பிலோமினா குரலைத் தாழ்த்தினார். "தம்பி முகம் சரியில்லண்ணே. நான் வேண்டிக்கிறேன். எங்க சாமிகிட்டதான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். கேட்கிற சாமி எதுவானாலும் சரி.

சாயங்காலம் மருமகள் வசந்தா வேலை முடிந்து வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கால் வீங்கியிருந்தது.

"டிவிய கொஞ்ச நேரம் விடுங்களேன். தமிழ்ச் செய்தி பார்த்து எத்தன நாளாச்சு."

"கழட்டினா புள்ளி போயிடும்."

"நான் போனா பரவாயில்ல. புள்ளி போகக்கூடாது."

ரவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். நான் போய் நின்றேன்.

"மாமா, அவர் வேலைக்குப் போகலன்னாலும் பரவாயில்ல. நான் ஓவர்டைம் செஞ்சுக்கிறேன். அவர் என்கூடப் பேசணும். சண்டையாவது போடணும்."

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன். பிரிட்டிஷ்காரன் காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கித் துரு தட்டுவோம். தம்புசாமி என்று ஒருவன். ஒருநாள் வேலை முடிந்து எல்லோரும் ஏறும்போது சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எந்திரிடா சோம்பேறி" என்று மேஸ்திரி கத்தினார். காற்றில்லாமல் எப்போதோ போயிருந்தான். முகத்தில் கஷ்டமே இல்லை. ஓய்வெடுக்கிற முகம்.

ரவி கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்போதெல்லாம் தோளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா."

அக்டோபர் 10, வெள்ளி

வெக்கை. பூசைக்கு வாங்க வேண்டியவை: பொரி, கடலை, வாழைப்பழம், சந்தனம், குங்குமம், கற்பூரம், பூ. என் கையாலேயே எழுதி எடுத்துப் போனேன். கடைக்காரர் "என்ன வேணும் ஐயா?" என்றார். வாயால் சொல்லவில்லை. காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு எல்லாம் எடுத்துக் கொடுத்தார்! நான் எழுதியது அவருக்குப் புரிந்தது. இன்னொரு முறை போய் ஏதாவது வாங்கலாமா என்று இருந்தது.

ரவியை உடன் வரச் சொன்னேன். வரவில்லை.

திரும்பி வந்தபோது அவன் அலமாரி காலியாக இருந்தது. வேலைக்குப் போட்ட பூட்ஸ், கையுறை, டூல் பாக்ஸ் எல்லாம் கூட்டாளி ஒருவன் வந்து எடுத்துப் போனானாம். "எனக்கு எதுக்குப்பா?" தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினான். "உங்களுக்கு மணி பார்க்கத் தெரியும்ல. வெச்சுக்குங்க." வாட்ச் எனக்குப் பெரிது. முழங்கை வரை ஓடுகிறது.

"புள்ளி மேல போய்ச் சேர்ந்தா என்னடா ஆகும்?"

"ஆட்டம் முடிஞ்சிடும்."

"கீழ விழுந்தாலும் முடியுது. மேல போனாலும் முடியுதா?"

"மேல போனா ஜெயிச்சு முடியும்பா."

வசந்தாவிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? உன் புருஷன் எனக்கு வாட்ச் கொடுத்தான் என்றா?

அக்டோபர் 13, திங்கள்

விஜயதசமி. மேகமூட்டம். பூசையில் வைத்ததைக் காலையில் எடுத்தேன். முதலில் இந்த நோட்டு.

நேற்று சரஸ்வதி பூசை. எழுதக்கூடாது. இன்று எல்லாம் எழுதுகிறேன். எழுத்து இன்னும் மோசமாக வரும்.

வசந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. விடியும் முன்னே போய்விட்டாள். வீட்டில் அவளுக்கும் சேர்த்து நானே கழுவித் துடைத்தேன். சாமி முன்னால் வைத்தவை: என் பழைய சுத்தியல், வசந்தாவின் கத்தரிக்கோல், அரிவாள்மனை, நோட்டு, பென்சில், ரப்பர். இத்தனை வருடம் சுத்தியல் மட்டும்தான் வைத்திருக்கிறேன். நோட்டு வைப்பது இதுதான் முதல் தடவை. நான்கு முறை நகர்த்தி நேராக்கினேன். வைத்தபின் மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. இன்று ஊரே ரவியின் ஆட்டத்தை ஆடுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நகர்த்த முடியாதவற்றுக்கு இருந்த இடத்திலேயே பொட்டு. தையல் மிஷினுக்கு. குளிர்ப்பெட்டிக்கு. டிவிக்கு. பிறகு கம்ப்யூட்டருக்கு. அதன் முன்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டை இருக்கிறது. நெற்றி மாதிரி. முதலில் சந்தனம். அதன்மேல் குங்குமம். ஒட்ட வேண்டும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன்.

தொடக்கூடாது என்பது மறக்கவில்லை. ஆனால் பொட்டு வைப்பது தொடுவதில் சேரும் என்று தோன்றவே இல்லை. விளையாடத் தொடுவது வேறு, சாமிக்கு வைப்பது வேறு என்றே இருந்தது.

புள்ளி விழுந்தது. உச்சிக்கு ஒரு விரல் அகலம்தான் பாக்கி இருந்தது. ஒரு சத்தம். வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன என்று தெரியும்.

சத்தம் கேட்டு ரவி எழுந்து வந்தான். திரையைப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். கத்துவான் என்று நின்றேன். கத்தவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனான். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

"ரவி! டேய் ரவி!"

முழங்கால் வலியோடு நான் வாசலை அடைவதற்குள் அவன் இல்லை. சர்ச்சிலிருந்து வந்த பிலோமினா நடைவழியில் நின்றார். "என்னண்ணே?" ரவி என்று மட்டும்தான் சொன்னேன். செருப்பைப் பார்த்தார். பையை அப்படியே போட்டார்.

"நான் மேல பார்க்கிறேன். நீங்க கீழ போங்க. போங்கண்ணே!"

போகும் முன் நடைவழிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். பார்க்க வேண்டும், பார்க்கவும் பயம். கீழே காய்கிற துணிகள். ஒரு பூனை. வேறு ஒன்றும் இல்லை. லிப்டில் இறங்கும்போது தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொன்னேன். பிலோமினாவின் சாமி பெயரையும்.

கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம். பெரிய பெரிய சட்டிகள், நாற்காலிகள், பாட்டு. வெளியே போட்டிருந்த கூடாரம் காற்றில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ரவி நின்றான். அந்தப் பக்கமாக நடந்து போனவன் கையில் யாரோ கயிற்றைத் திணித்து "பெகாங், பெகாங்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிடி என்றால் பிடிக்கிறவன் அவன். பட்டறைப் பழக்கம். முளை அடிக்கிறவர் கம்பியைத் தேடிப் போயிருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அது மேல போய்ச் சேர்ற அன்னைக்கு நானும் போயிடலாம்னு இருந்தேன்பா."

எங்கே என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் ஒரு விரல்தான் இருந்துச்சு."

"தெரியும். நான்தான் பொட்டு வெச்சேன்."

"பொட்டு வெச்சா தொட்டதா ஆகாதுன்னு நினைச்சீங்களா?"

"ஆமாடா."

சிரித்தானா, அழுதானா, தெரியவில்லை. தோள் குலுங்கியது, கயிறு குலுங்கியது, கூடாரமே ஆடியது. முளைக்காரர் தூரத்திலிருந்து கத்தினார். "ஓய்! ஜாங்கான் லெபாஸ்!" விட்டுவிடாதே என்று. நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் கைமேல் என் கை. வாட்ச் முழங்கைக்கு ஓடியது.

எங்களுக்குச் சோறு போட்டார்கள். அவன் நெய்ச்சோறு மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டான்.

வசந்தா வந்ததும் சொன்னேன். பிலோமினாவும் உடன் இருந்தார். வசந்தா அழவில்லை. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. நாள் முழுக்க.

பிலோமினாவுக்குத் தெரிந்த டாக்டரிடம் போனோம். வசந்தா லீவு போட்டாள். டாக்டர் ரவியிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களிடம். தனியாக விடாதீர்கள். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கூட இருங்கள். அடுத்த திங்கள் மறுபடி வர வேண்டும். "சீக்கிரம் சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லாதது நல்லது.

வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டிக்கொள்ளவில்லை. மேசைமேல் கிடக்கிறது.

மத்தியானம் தூங்கி எழுந்தேன். டிவி ஓடியது. கறுப்புத் திரை. அடியில் வெள்ளைப் புள்ளி. ரவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மறுபடியுமாடா?"

"வேற எதுவும் செய்ய வரலப்பா."

"மேல போக எத்தன நாளாகும்?"

"யாரும் தொடலன்னா தைப்பூசம் ஆயிடும்."

யாரும் தொடாவிட்டால்.

ஆட்டத்தைத் தொடங்கும் முன் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறான். கட்டை கட்டையாகத் துடைத்திருக்கிறான், தூசியே இல்லை. அந்த நீளக் கட்டையில் மட்டும் சந்தனமும் குங்குமமும் அப்படியே. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

குங்குமம் மீதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் பொட்டு வைக்க வேண்டும். அடுத்த வெள்ளியும். எல்லா வெள்ளியும். நன்றாக அழுத்தி. வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.