கப்பலில் வந்த சட்டம்

ரரொதோங்கா தீவு, 2023 பிப்ரவரி 7

போதகர் இன்று நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்துக்கு வந்தார். கையில் அரை டஜன் பப்பாளி. காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஆணும் ஆணும் சேர்றது குற்றமில்லைன்னு சட்டத்தை மாத்தப் போறாங்களாம். இந்தப் பழக்கம் எந்த நாட்டிலேர்ந்து இங்க வந்துச்சுன்னு தேதியோட எழுதி, சபைக் கூட்டத்துல நீங்களே வாசிங்க."

என்னிடம் கேட்கிறார். இருபத்தாறு வருடமாக அபோரோவுடன் வாழ்கிறவனிடம். ஊரில் அவன் என் "விருந்தாளி". வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, நாகரிகமான ஊர்.

சரி என்றேன். பப்பாளி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 16

பழக்கம் வந்த கப்பலைக் காணோம். சட்டம் வந்த கப்பல்தான் கிடைக்கிறது. லண்டன், 1533. பிறகு நியூசிலாந்து, பிறகு நாம். 1969-இல் நாமே அதை மறுபடி சுத்தமாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டோம். லண்டன் அதற்கு இரண்டு வருடம் முன்பே கைவிடத் தொடங்கியிருந்தது. நியூசிலாந்து 1986-இல் விட்டது. சொந்தக்காரர்கள் தூக்கிப் போட்டதை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். நம் விருந்தோம்பல் அப்படி.

பிப்ரவரி 17

கட்டுரையை அபோரோ படித்தான். "இதை வாசிச்சா உங்க அக்கா உன்கூடப் பேசுவாங்களா?"

தெரியாது. என்னை வளர்த்தவள் துங்கானே அக்காதான். சபையில் பெண்கள் பாட்டுக்கு அவள்தான் தலைவி.

மார்ச் 3

அக்காவிடம் சொன்னேன். அதாவது, "ஞாயித்துக்கிழமை கட்டுரை வாசிக்கிறேன்" என்று மட்டும்.

"சுருக்கமா வாசி. போன தடவை ரெண்டு பேர் தூங்கிட்டாங்க."

மார்ச் 5

வாசித்தேன். தேதிகள், பிரிவு எண்கள். கடைசி வரி தாளில் இல்லை, தானாக வந்தது: "இந்தச் சட்டப்படி நான் குற்றவாளி. அபோரோவும்."

பேசி உட்கார்ந்தவனுக்கு அவன் வீட்டார் பாட்டெடுக்க வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். எவ்வளவு மோசமாகப் பேசினாலும் எடுப்பார்கள். பாட்டில்லாமல் உட்கார்ந்தவனை நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்தேன். பாட்டு இல்லை. மின்விசிறி சுற்றியது. போதகர் தன் செருப்பைப் பார்த்தார். எனக்குள்ளே நானே: ஏன்டா இதைச் செஞ்சே? அவனையும்ல சேத்து இழுத்து விட்டுட்டே —

பிறகு முன்வரிசையில் அக்காவின் குரல். வழக்கத்தைவிட உச்சத்தில், கோபத்தில் அவளுக்கு அப்படித்தான் வரும். இரண்டாம் அடியில் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் அடியில் ஆண்கள். பாட்டு நடக்கும்போது நம் ஆண்களால் சும்மா இருக்க முடியாது. அது கொள்கை இல்லை, தொண்டை.

வாசலில் அக்கா என்னைப் பார்க்காமல் போனாள்.

மார்ச் 6

அக்கா பேசவில்லை.

மார்ச் 20

பேசவில்லை. போதகர் வந்தார். "தேதியெல்லாம் சரிதானா?" சரி என்றேன். "ம்" என்றார். பப்பாளி இல்லை.

ஏப்ரல் 14

நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. வானொலியில் கேட்டோம். அபோரோ எழுந்து மீன் கழுவப் போனான். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏப்ரல் 22

அக்கா வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே இரண்டு சட்டைகள், நீலத் துணியில் வெள்ளைப் பூ.

"நாளைக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம். குடும்பத்துக்கே ஒரே துணி. லேட்டா வராதீங்க, ரெண்டு பேரும்."

அபோரோ போட்டுப் பார்த்தான். தோள் அச்சாகப் பொருந்தியது.

"அவன் அளவு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அவன் சட்டை இருபத்தாறு வருஷமா உன் கொடியில காயுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் போய் ஒரு மணி நேரமாகிறது. அபோரோ இன்னும் அதைக் கழற்றவில்லை. நாளைக்குள் கசங்கிவிடும் என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதில்லை.