மலையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது

இன்று காலை அம்மா வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்து, கொண்டுவந்த சாமையைக் களைந்து உலையில் போட்டாள். கொதி வந்ததும் அந்த வாசனை என் ஒற்றை அறை முழுக்கப் பரவியது. நான் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். "இன்னாடி, சாமைன்னா பறந்துக்கினு துன்னுவ, இப்ப மூக்கப் புடிச்சினு ஓடுற?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். தலைவலி என்றேன். பொய் சொல்ல எனக்கு எப்போதுமே யோசிக்க வேண்டியதில்லை. அது மற்றவர்களைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நாம் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் அந்த ஜவுளிக்கடைப் புடவைப் பிரிவில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து நின்றபடியே விரிப்பதும் மடிப்பதும்தான். மத்தியானம் அரை மணி நேரம் மட்டும் மூன்றாவது மாடி குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொள்வோம். உன் போனில் முந்தின நாள் சீரியல் ஓடும். ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு என்று ஒயரைப் பிரித்துக்கொள்வோம். நீ சங்கராபுரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்து மருமகள். நான் மலையிலிருந்து ஹாஸ்டலில் படித்து இறங்கி வந்தவள். கடையில் எல்லோருக்கும் நான் மலைக்காரி. பல்வலி என்றால் என்னிடம் வேர் கேட்பார்கள், குழந்தை பயந்துகொண்டால் மந்திரம் கேட்பார்கள். "எங்க ஊர்லயும் பல்லு வலிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க" என்று எரிந்து விழுவேன். நீ ஒரு நாளும் அப்படி எதையும் கேட்டதில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தச் சீரியலில் ஹீரோவாக நடித்தவர் பாதியில் விலகிக்கொள்ள, ஹீரோவை விபத்தில் சாகடித்துவிட்டார்கள். அவன் போட்டோவுக்கு மாலை விழுந்த அன்று நீ டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாய். "நீதான் நோட்டுல இன்னாத்தயாவது எழுதிக்கினே இருப்பியே, அவன திருப்பி இட்டுக்கினு வாயேன்டி. பேயா வந்தாலும் பரவால்ல" என்றாய்.

உனக்காகத்தான் ஆரம்பித்தேன். இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் உண்டு என்பதுகூட அப்போது தெரியாது. கதை எழுதும் ஆப் ஒன்றில், செத்துப்போன அந்த ஹீரோ தன் மனைவியைத் தேடி ஆவியாகத் திரும்பி வருவதாக வாரம் ஒரு அத்தியாயம் போட்டேன். புனைபெயர் 'மலைக்காரி'. கடையில் எந்தப் பெயரால் கூப்பிட்டால் கோபம் வருமோ அதே பெயரை நானே எடுத்துச் சூடிக்கொண்டேன், பேய்க்கதைக்கு அது எடுப்பாக இருக்கிறது என்பதற்காக. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் கமெண்ட் உன்னுடையதுதான். "ஆவிக்குக் கால் இருக்கா இல்லியா, ஒரு முடிவுக்கு வா. போன வாரம் வாசல்ல செருப்பு கழட்டினான், இந்த வாரம் மெதக்குறான்" என்று நீ போட்டதைப் படித்துவிட்டு புடவை மடிக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்காரர் போனார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து அவர் இறங்கி வந்த மினி லாரி ஒரு வளைவில் கவிழ்ந்தது. எங்கள் மலை, எங்கள் ஊர்க் கிழங்கு. அந்தக் கூச்சத்தில் உன் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தேன். நடுவீட்டில் இலை போட்டு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திறந்து, கற்பூரம் காட்டிவிட்டுப் பந்தி போட்டார்கள். எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீ வேலைக்குத் திரும்பி வந்து, குடோனில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாய். "அஞ்சு நிமிசங்கூட வுடலடி. பந்திக்கு நேரமாச்சுன்னு எங்க கொழுந்தன் கதவத் தொறந்துட்டாரு. அவரு மெதுவாத்தான் சாப்புடுவாரு. ஒரு வாய் வெச்சிட்டு தண்ணி குடிப்பாரு, ஒரு கத சொல்லுவாரு. பாதில எழுப்பி வுட்டுட்டாங்க." சொல்லிவிட்டு நீ அழவில்லை. கடைசி வரிசைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அதை எழுதிவிட்டேன்.

ஒரு சொல்கூட மாற்றவில்லை. 'அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார், பாதியில் எழுப்பிவிட்டார்கள்' என்று என் கதையின் மனைவி அழுகிறாள். அழுகையோடு நிறுத்தியிருந்தாலாவது ஒரு திருட்டோடு போயிருக்கும். அவள் அவனை மறுபடி சாப்பிடக் கூப்பிட வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு சடங்கை உருவாக்கினேன். அமாவாசை உச்சிப் பொழுதில், வீட்டில் யாரும் இல்லாதபோது, உப்புப் போடாத சாமைச்சோறு ஆக்க வேண்டும். அவன் கடைசியாகப் போட்டுத் துவைக்காமல் கிடக்கும் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை சோற்றை அள்ளிப் பின்பக்கமாக நீட்டியபடி காத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வந்தவன் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுப் போவான். கடையில் சேலைக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மனதில் வந்தது அவ்வளவும். கீழே, 'எங்கள் மலையில் இன்றும் உள்ள வழக்கம்' என்று ஒரு குறிப்பும் போட்டேன்.

அந்த அத்தியாயத்துக்கு முதல் தடவையாக உன் கமெண்ட் வரவில்லை. நீ சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நீ கேட்டது வேறு.

"இது நெஜமாலுமே உங்க மலையில செய்வாங்களாடி?"

கடையில் இருந்த எல்லோரும் கேட்டு, நீ மட்டும் கேட்காமல் இருந்த அந்த மாதிரிக் கேள்வியை முதல் முறையாகக் கேட்டாய். மற்றவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொன்னவள், உனக்குச் சொன்னேன்: "செய்வாங்க. எங்க அத்த செஞ்சிச்சி."

"வந்தாராமா?"

"வந்தாராம்."

எனக்கு அப்படி ஓர் அத்தையே கிடையாது. ஏன் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உன் முகம் அன்று தெளிந்ததைப் பார்த்ததால் என்பேன். கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டால் உன் துக்கத்தை எடுத்து அலங்காரம் பண்ணியதும் வெளியே வந்துவிடும், அதற்குப் பயந்தேன் என்பேன். உள்ளதைச் சொன்னால், நான் எழுதியதை ஒருத்தி நிஜமென்று நம்புகிறாள் என்ற பெருமை அந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான்.

"சாமை கெடைக்குமா?" என்றாய். அடுத்த லீவில் மலைக்குப் போய் இரண்டு படி சாமையை மஞ்சள் பையில் கட்டி, திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது, இதை இங்கேயே சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கினால் என்ன என்று தோன்றியது. எலி தின்றுவிட்டது என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பையை வாங்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

அமாவாசைக்கு லீவு போட்டாய். உன் மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மறுநாள் வேலைக்கு வந்து, ஒரு பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "வந்தாருடி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானே கட்டிவிட்ட கதைதான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பயந்தாயா, அழுதாயா என்று கேட்கவில்லை. நான் கேட்டது இதைத்தான்: "எத்தினி வாய் சாப்புட்டாரு?"

நீ புடவையின் கரையை நீவி விட்டாய். "மூணு."

"எதுனா பேசினாரா?"

"பேசல. தண்ணி கேட்டாரு."

அடுத்த அத்தியாயத்தில் ஆவி தண்ணீர் கேட்டது. மேலே 'உண்மைச் சம்பவம்' என்று போட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். புருஷன் போனவர்கள், காதலன் போனவர்கள், யார் யாரோ உள்பெட்டிக்கு வந்து விவரம் கேட்டார்கள். சட்டை எத்தனை நாள் துவைக்காமல் இருக்க வேண்டும், சாமைக்குப் பதில் வரகு போடலாமா என்று. அத்தனை பேருக்கும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன். நீ கமெண்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு இதயக்குறி மட்டும் போட்டுக்கொண்டிருந்தாய். மனம் ஆறிவிட்டது, அதனால்தான் பேச்சு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநாவலூர்ப் பக்கம் உன் அம்மா வீட்டோடு போய்விட்டாய். போன் பேசுவது மாதத்துக்கு ஒருமுறையாகி, அப்புறம் தீபாவளி பொங்கல் என்றாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று உன் தங்கை சொன்னபோது, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். நீ வியாழக்கிழமையே போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாளுக்கு வந்தேன். உனக்கும் இலை போட்டார்கள், உனக்கும் கதவைச் சாத்தினார்கள். உன் அம்மா கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு யாரையும் தொடவிடவில்லை. "அது சாப்புட்டு முடிக்கட்டும். இன்னா அவசரம் உங்களுக்கு?" என்றார். பந்திக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் தங்கை பக்கத்தில் வந்து நின்றது.

"நீங்கதான க்கா சாமை குடுத்தது?"

ஆமாம் என்றேன்.

"மாமா ஒண்ணும் வரல க்கா. அன்னிக்கி நான் எங்கக்காவப் பாக்கப் போனேன். கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு பின்வாசலு வழியா உள்ள போறேன், அக்கா மாமாவோட சட்டையப் போட்டுக்கினு கதவுக்கு முதுவ காட்டினு குந்தினு இருக்குது. கைய பின்னால நீட்டினு இருக்குது. மணி நாலு. கைல எடுத்த சோறு கைலயே காய்ஞ்சி கெடக்குது. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன். நல்லவேள, புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள எழுப்பிட்டேன்."

உன் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சி க்கா. 'பாவம்டி, அந்தத் தொலவுலேர்ந்து பஸ்ஸுல மடில வெச்சி தூக்கினு வந்துச்சி. வரலன்னு சொன்னா அது மூஞ்சி சுருங்கிப் பூடும்'னுச்சி."

அப்போதாவது உன் தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும், அது மலை வழக்கமே இல்லை, என் கற்பனை என்று. சொல்லவில்லை. கதவைத் திறந்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் எவ்வளவு மோசமானவள் என்று எனக்கே அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

உச்சிப் பொழுதிலிருந்து நாலு மணி வரை. கையைப் பின்னால் நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும்போல வலிக்கிறது. செய்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்த இரண்டு அத்தியாயங்களையும் எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில், மலையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, நான் இட்டுக்கட்டியது, யாரும் வரவில்லை என்று எழுதினேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப் பதில் போட்டேன். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஒருத்தி மட்டும் 'நான் செஞ்சிட்டேன் அக்கா' என்று எழுதியிருந்தாள். வந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்டேன். இப்போது தினமும் பேசுகிறாள். பெரும்பாலும் நான் பேசுவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்தே நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியுமா, அல்லது அந்த நாலு மணிக்குத்தான் தெரிந்ததா, அல்லது கடைசி வரை உன் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு போனாயா? இதை யாரிடம் கேட்பேன். அவர் சட்டையில் உட்கார்ந்து எழுந்த மறுநாளே, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, கடை திறந்ததும் புடவையை மடித்துக்கொண்டு, என் முகம் சுருங்கக் கூடாது என்று ஒரு பொய்யை யோசித்து வைத்திருக்கிறாய். தண்ணி கேட்டாரு என்று அவருடைய பழக்கத்தைக்கூட மறக்காமல் சேர்த்திருக்கிறாய். அதைக் கேட்டுவிட்டு நான் குறித்துக்கொண்டேன்.

அவர் வரவில்லை என்று நீ என்னிடம் சொல்லியிருக்கலாமடி. சொல்லும்படியான ஆளாக நான் இருக்கவில்லை.