ஓகே அழுத்துவதற்கு முன்

உம்முடைய பென்சில் அழிறப்பர் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு முனை வெள்ளை, மறுமுனை கறுப்பு. உம்முடைய கணினிப் பெட்டியோடு உம் மனைவி அனுப்பிய பையில், இரண்டு திருப்புளிகளுக்கும் ஒரு பெயின்ட் தூரிகைக்கும் நடுவே கிடந்தது. வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்டக் குடியிருந்தால் கணினியின் நினைவகத் தகட்டில்கூட உப்பு ஏறும் என்பது உம்முடைய கொள்கை. எங்கள் மாடிக்கட்டடத்தில் யாருடைய கணினி படுத்தாலும் அந்தத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவீர். பாதித் தடவை அது எழும்பிவிடும். என்னுடையது எழும்பாத தடவைகளில்தான் உமக்கு என்னோடு கோபம் வரும்.

"என்ன எழுதியிருந்தது?"

"தெரியாது ஐசே. ஒரு மாதிரி இருந்தது. ஓகே அமத்திப்போட்டன்."

"ஒரு மாதிரி எண்டு உலகத்தில ஒரு எரரும் இல்லை. அது உமக்கு என்னவோ சொல்ல வந்திருக்கு. நீர் வாசிக்காமலே ஓம் ஓம் எண்டு அனுப்பிப்போட்டீர்."

ஓகே அழுத்துவதற்கு முன் திரையில் உள்ளதை ஒரு சொல் விடாமல் கடதாசியில் எழுதவேண்டும். உம்முடைய வைத்தியத்தில் அதுதான் முதற்படி. மருந்துப் போத்தலின் பின்பக்கத்தைக்கூட வாசிக்கிற நான், அந்த இரண்டு வரிகளை மட்டும் ஒருநாளும் வாசித்ததில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவர்களின் பொதுக்குணம் என்று அதற்கு நீர் விளக்கம் வைத்திருந்தீர்.

நீர் போய் மூன்றாம் கிழமை உம் மனைவி மேலே வந்தார்.

"அண்ணை, முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் குடுக்கவேணும். கொட்டாஞ்சேனைப் பிரஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள படம் கேக்கிறார். எல்லாப் படமும் அவரின்ர கொம்பியூட்டருக்குள்ளதான். அது திறக்குதில்லை."

"வேற படம் ஒண்டும் இல்லையோ?"

"ஐடென்டிட்டி கார்ட் படம் இருக்கு. அதில அவர் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி."

பெட்டி என் வீட்டுக்கு வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதல் வரியில் வட்டு இல்லை என்ற இடத்திலேயே நான் நிறுத்திக்கொண்டேன். அழிறப்பரால் தேய்த்தேன். நிறுத்திப் போட்டேன். மறுபடியும் போட்டேன். நாலு நாளும் அதே இரண்டு வரி. வியாழக்கிழமை காலை காலி வீதிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திரையை ஒருதரம் பார்த்தார்.

"ஹார்ட் டிஸ்க்தான் சேர். போர்மட் அடிச்சாப் புதுசு மாதிரி வேலை செய்யும்."

"உள்ளுக்க இருக்கிற படங்கள்?"

"அது போகும். மற்றதெல்லாம் நல்லா இருக்கும்."

மற்றதெல்லாம் என்பது பெட்டியும் வயரும். திரும்பக் கொண்டுவந்தேன்.

பின்னேரம், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாதபடியால், ஒரு கடதாசி எடுத்து எழுதினேன். இயக்குவதற்குரிய வட்டு இல்லை. வேறு ஏதும் செருகியிருந்தால் அகற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், கீழே, சிவப்பு நூல் கட்டிய ஒரு பென் ட்ரைவ் செருகியிருந்தது. உம்முடைய கணினி அதிலிருந்து எழும்பப் பார்த்து, முடியாமல், காரணத்தையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பென் ட்ரைவ் என்னுடையது. நீர் நடமாடிய கடைசி நாள் காலை கட்டுரை ஒன்றை அச்செடுக்க உம்மிடம் கொண்டுவந்தது. கழற்றிக்கொண்டு போகும்படி ஒவ்வொரு முறையும் சொல்வீர். அன்றும் சொன்னீர்.

கழற்றிவிட்டு ஒரு விசையை அழுத்தினேன். திறந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள், அநேகமாக எதிலும் நீர் இல்லை, எடுத்தவர் நீர் என்பதால். ஒன்றில் மட்டும் யாருடைய கணினிக்கோ பின்னால் குனிந்து நிற்கிறீர், முகம் பக்கவாட்டில். மலரின் அட்டையில் அதுதான் வந்தது. நன்றாக அடித்திருந்தார்கள்.

அதே கடைசி நாள் பின்னேரம் லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதலாம் மாடிப் படியில் நீர் ஒரு கையில் பேக்கரிப் பாணோடும் மறுகையால் கம்பியைப் பிடித்தபடியும் நின்றீர்.

"என்ன ஐசே?" என்றேன்.

"ஒண்டுமில்லை. ஒரு மாதிரி இருக்கு."

"வெய்யிலாக்கும்."

"ஓம், வெய்யிலாத்தான் இருக்கும்."

நான் மேலே போனேன். கட்டுரையைத் திருத்தவேண்டியிருந்தது. அடுத்த நாள் விடியற்காலை உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. டொக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அந்தக் கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிழையில்லாமல் வந்தது.

நேற்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். உம் மனைவி கதவைத் திறந்து, தலை ஒரு மாதிரி இருக்கு என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். எப்போதிருந்து, குத்துகிறதா, சுற்றுகிறதா, கை விறைக்கிறதா என்றும் கேட்டேன்.

"இதென்ன அண்ணை, அவரை மாதிரிக் கேக்கிறியள்? பனடோல் போட்டாச் சரியாகும்."

சட்டைப் பையில் பேனை இருந்தது. கடதாசி இல்லாததால் உள்ளங்கையில் எழுதத் தயாராக, அவர் சொல்லி முடிக்கும்வரை கதவடியிலேயே நின்றேன்.